சிக்கனமும் சீக்கிர ஓய்வும் – ஒரு கிரஹஸ்தனின் கணக்கு

(சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இளைஞர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுதான் இருக்கும். நல்ல வேலை, நல்ல சம்பளம். "மாமா, நீங்க 46 வயசிலேயே ரிடையர் ஆயிட்டேளாமே, எப்படி?" என்று கேட்டார்கள். ரசம் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த காரியதரிசி, "அதையே மேடையில் பேசுங்களேன்" என்று மாட்டிவிட்டார். அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

என் மாப்பிள்ளை இதற்கு 'ஃபயர்' என்று ஒரு பெயர் சொல்கிறார். பண விஷயத்தில் யார் கையையும் எதிர்பார்க்காத நிலையை அடைந்து சீக்கிரமே ஓய்வு பெறுவது என்பதன் சுருக்கமாம். நம் பெரியவர்கள் க்ருஹஸ்தாச்ரமத்துக்கும் சந்யாஸத்துக்கும் நடுவில் வானப்ரஸ்தம் என்று ஒன்றை வைத்தார்கள். காட்டுக்குப் போகாமல் டோம்பிவிலியிலேயே அதை நடத்தலாமா என்று பார்த்தவன் நான், அவ்வளவுதான். இதில் நான் ஜெயித்ததும் உண்டு, சறுக்கியதும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. பயப்பட வேண்டாம், மனக்கணக்குதான்.

ஒருவர் மாதம் 100 ரூபாய் சம்பாதித்து 80 ரூபாய் செலவழிக்கிறார். 20 ரூபாய் மிச்சம். இன்னொருவர் அதே சம்பளத்தில் 50 ரூபாய் செலவழித்து 50 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். வட்டி விலைவாசி ஏற்றத்தை மட்டுமே ஈடுகட்டுகிறது, மேலே ஒன்றும் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 25 வருஷச் செலவுக்குப் பணம் சேர்க்க வேண்டும். முதலாமவருக்கு அதற்கு 100 வருஷம் ஆகும். இரண்டாமவருக்கு 25 வருஷம் போதும். சம்பளத்தில் வித்தியாசமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிக்கனம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. சேமிப்பு கூடுகிறது, கடைசியில் தேவைப்படும் தொகையும் குறைகிறது. சம்பள உயர்வு முதல் காரியத்தைத்தான் செய்யும். அதுகூட, உயர்வு வந்த மாதமே பெரிய கார் வாங்காமல் இருந்தால்!

25 மடங்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் ஒரு கணக்குப் போட்டார். சேர்த்த பணத்தில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தகுந்தபடி கூட்டிக்கொண்டே போனால் 30 வருஷத்துக்குத் தாங்கும் என்றார். 4 சதவீதம் என்றால் 25 மடங்கு. ஆனால் அது அமெரிக்கச் சந்தையையும் அமெரிக்க விலைவாசியையும் வைத்துப் போட்டது. 45 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு 30 வருஷம் போதாது, 40 வருஷமாவது வேண்டும். நம் ஊர் விலைவாசியும் வேறு. அதனால் நம்மவர்கள் 35 மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் அகத்தில் ஒரே சம்பளம். தானே-பேலாபூர் ரோடில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தேன். டோம்பிவிலியில் ஒரு படுக்கையறை ஃப்ளாட். 1987-இல் வாங்கியது. கடன் 1995-இல் தீர்ந்தது. கடன் தீர்ந்ததும் எல்லோரும் பெரிய வீட்டுக்கு மாறினார்கள். நாங்கள் மாறவில்லை. அந்தத் தவணைப் பணம் அப்படியே சேமிப்புக்குப் போயிற்று. என் சேமிப்பில் பாதி இந்த ஒரு தீர்மானத்தால் வந்தது என்று சொல்வேன். பத்து ரூபாய்க் கத்தரிக்காயில் ஒரு ரூபாய் பேரம் பேசுவதால் யாரும் சீக்கிரம் ரிடையர் ஆவதில்லை. வீடு, வாகனம், கல்யாணம் – இந்த மூன்றில் எடுக்கும் முடிவுதான் பெரியது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். லோகல் ரயிலில் செகண்ட் கிளாஸ், மூன்று மாதப் பாஸ். மளிகை மாதம் ஒரு முறை, கையில் லிஸ்டோடு. காபிப்பொடி மட்டும் மாடுங்காவிலிருந்து. அதில் மிச்சம் பிடிக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை. மாம்பழம், சீசன் கடைசியில் விலை இறங்கிய பிறகு. ராத்திரி படுக்குமுன் அன்றைய செலவை ஒரு நோட்டில் எழுதுவது. அந்த நோட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன.

2001-இல் கம்பெனியில் வி.ஆர்.எஸ். வந்தது. நஷ்ட ஈடு 7 லட்சம், பி.எஃப்.-உம் கிராஜுவிட்டியும் 9 லட்சம், பி.பி.எஃப்., டெபாசிட், கொஞ்சம் ஷேர்கள் எல்லாம் சேர்ந்து 9 லட்சம். ஆக 25 லட்சம். அப்போது எங்கள் செலவு மாதம் 8,500, வருஷத்துக்கு 1,02,000. கிட்டத்தட்ட 25 மடங்கு. பெங்கனைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. 11 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 2,75,000 வருமே, செலவு போக ஏராளம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் சறுக்கல் இங்கேதான். 1986-லிருந்து 2000 ஜனவரி வரை பி.பி.எஃப். வட்டி 12 சதவீதம். அது சாசுவதம் என்று என் தலைமுறை நினைத்தது. 2003 மார்ச்சில் அது 8 ஆகிவிட்டது. 2020 ஏப்ரலில் 7.1-க்கு இறங்கிற்று. டெபாசிட் வட்டியும் கூடவே இறங்கியது. 25 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் 2 லட்சம்தான். வருஷத்துக்கு 75,000 ரூபாய் காணோம்! செலவுக்கு அப்போது போதும். ஆனால் செலவு போக மிஞ்சுவதை மறுபடி முதலீடு செய்தால்தான் விலைவாசியின் பின்னால் ஓட முடியும். பெண் இஞ்சினியரிங் சேர வேண்டிய வருஷம் அது.

நான் என்ன செய்தேன்? பக்கத்து ஹவுசிங் சொசைட்டிகள் மூன்றுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். காலையில் இரண்டு மணி நேர வேலை. 60 வயது வரை எழுதினேன். அதனால் முழு ஓய்வு என்று சொல்ல மாட்டேன். வேண்டாத வேலையை விட்டேன், வேண்டிய வேலையைச் செய்தேன். பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஷேர், மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, 2008-இல் சென்செக்ஸ் 20,000-லிருந்து 9,000-க்குக் கீழே விழுந்தபோதும் கையை வைக்காமல் இருந்தேன். அன்றாடச் செலவுக்கு அந்தப் பணம் தேவைப்படாததால்தான் அந்தத் தைரியம். இன்று எங்கள் இருவருக்கு மட்டும் மாதம் 38,000 ஆகிறது. நாலரை மடங்கு. 6 சதவீத விலைவாசி ஏற்றத்தில் 12 வருஷத்துக்கு ஒரு முறை செலவு இரட்டிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்கலாம். 2002-இல் பாலக்காட்டில் இருந்த என் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. வேலையில் இருந்திருந்தால் பத்து நாள் லீவில் போய், ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வந்திருப்பேன். இப்போது அம்மாவை டோம்பிவிலிக்கே அழைத்து வந்தோம். 2005 வரை இருந்தாள். தினமும் மத்தியானம் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். "ஆபீஸ் இல்லையாடா இன்னிக்கு?" என்று கேட்பாள். "இல்லேம்மா" என்பேன். அந்த மூன்று வருஷத்துக்கு நான் எந்த வட்டி விகிதத்திலும் விலை போட மாட்டேன்.

இப்போது இரண்டாவது சறுக்கல். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆத்துக்காரியிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்.

கம்பெனியை விட்டதும் அங்கே இருந்த மெடிக்ளெய்ம் போய்விட்டது. சொந்தமாக எடுக்கப் பிரீமியம் கட்ட வேண்டும். இருவருக்கும் ஒரு வியாதியும் இல்லை. வருஷா வருஷம் வீண் செலவு என்று நோட்டில் அந்தத் தலைப்பையே அடித்துவிட்டேன். 2007-இல் ஒரு நாள் இவள் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருதயத்தில் அடைப்பு என்றார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி. 2,40,000 ரூபாய். பணம் போனது பெரிதில்லை. டாக்டர் அவளிடம், "எத்தனை நாளாக வலி?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசமா" என்றாள்.

இரண்டு மாதம்! ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் கேட்டேன். "டெஸ்டு அது இதுன்னு செலவாகுமேன்னா, நீங்க நோட்டுல எழுதிண்டு கவலைப்படுவேளேன்னு இருந்துட்டேன்" என்றாள். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் என் பெண் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "அப்பா, நீங்க ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. அம்மா எப்போ ரிடையர் ஆவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் ஓய்வுக்கு வேண்டிய சிக்கனத்தில் பாதிக்கு மேல் அவள் கையால் நடந்தது. மாவு அரைத்தது, பாத்திரம் தேய்த்தது, என் அம்மாவைக் குளிப்பாட்டியது, பழைய புடவையில் பண்டிகை கொண்டாடியது எல்லாம் அவள். எனக்கு ஆபீஸ் நின்றது. அவளுக்கு ஒன்றும் நிற்கவில்லை. மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட ஒரு ஆள் கூடினதுதான் மிச்சம். வலியைச் சொல்லக்கூடப் பயப்பட வைக்கும் சிக்கனம் சிக்கனமே இல்லை, அது கருமித்தனம். அதைச் செய்தவன் நான்.

அந்த வருஷமே நோட்டில் இரண்டு புதுத் தலைப்பு எழுதினேன். ஒன்று, மருத்துவம். மற்றது, அவள் பெயர். மாதா மாதம் ஒரு தொகை அவள் பெயரில் போகும், கணக்குக் கேட்க மாட்டேன். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தோம். செவ்வாயும் சனியும் சமையல் என் பொறுப்பு. என் சாம்பாரைப் பற்றி அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சுருக்கமாக:

1. வேலையில் இருக்கும்போதே, ஆரோக்கியமாக இருக்கும்போதே, கம்பெனி தருவதைத் தவிர சொந்தமாக ஒரு மெடிக்ளெய்ம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருஷம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சாக்குச் சொல்ல இடமில்லை.

2. இன்றைய வட்டி என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள். 2004-இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கு. விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 55-இலேயே, பணம் வந்த குறிப்பிட்ட காலத்துக்குள் சேரலாம். 2023-லிருந்து 30 லட்சம் வரை போடலாம். ஆனால் 45 வயதில் வெளியே வந்தால் அந்தப் பத்து வருஷத்துக்கு உங்கள் வழியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. கல்யாணம். மாதம் 50,000 செலவுள்ள குடும்பம் கல்யாணத்தில் கூடுதலாக 15 லட்சம் செலவழித்தால், அது 30 மாதச் சாப்பாடு. இரண்டரை வருஷம் கூடுதலாக ஆபீஸ் போக வேண்டும். வைதிக கர்மாக்களில் குறை வைக்க வேண்டாம். மற்ற ஆடம்பரத்தில் இரண்டு சம்பந்திகளும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

4. முக்கியமானது. கணக்கு நோட்டைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள். எதில் மிச்சம் பிடிப்பது, எதில் கூடாது என்று இருவரும் சொல்ல வேண்டும். ஓய்வு என்றால் யாருக்கு ஓய்வு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதையும் பெண்தான் கேட்டாள்.

 அந்தப் பழைய நோட்டுகளில் இரண்டை இன்று கொண்டு வந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் காபி நேரத்தில் என்னிடம் வரலாம். 2007-க்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.