எஞ்சினுக்குள் ஓடும் சங்கிலி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும்போது டயரைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் எஞ்சினில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்க்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எஞ்சினின் இடப் பக்கத்திலிருந்து வரும் சத்தத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. மாதக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் மிக முக்கியம்.

ஹோண்டா சி70, ஈஎக்ஸ்5 போன்ற கப்சாய் வண்டிகளின் எஞ்சினுக்குள் ஒரு சிறு சங்கிலி ஓடுகிறது. கேம் செயின் என்பார்கள். பின் சக்கரத்தை இழுக்கும் சங்கிலி வேறு, இது வேறு. பிஸ்டன் சுழற்றும் தண்டு 2 சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு 1 சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்குத் தவறாமல் இரண்டையும் பிணைப்பதுதான் இச்சங்கிலியின் வேலை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இது கிடையாது. அவற்றிலேயே பழகிய பெரியவர்கள் இந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது அதனால்தான்.

ஓட ஓடச் சங்கிலி தேய்ந்து நீளும். அந்தத் தளர்வை எடுத்துக்கொள்ள இருப்பதே டென்ஷனர். ஒரு ஸ்பிரிங் சிறு தண்டு ஒன்றைத் தள்ள, அது ஒரு கையைத் தள்ள, கையில் உள்ள உருளை சங்கிலியை அழுத்திப் பிடிக்கும். தண்டு சட்டென்று பின்வாங்காமல் எஞ்சின் எண்ணெய் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் சோர்ந்தாலும், தண்டின் முனை தேய்ந்தாலும், எண்ணெய் குறைந்தாலும், கசடு படிந்து தண்டு சிக்கினாலும் சங்கிலி ஆடத் தொடங்கும். இவ்வண்டிகளின் எஞ்சினுக்குள் 1 லிட்டர் எண்ணெய்கூட இல்லை. அதில் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய குறைதான்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அறியலாம். ஆறும்வரை காத்திருங்கள், விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிறகு உதைத்து முடுக்குங்கள். தொடங்கியதும் சிறிது நேரம் கலகலத்து, எண்ணெய் ஏறியதும் அடங்கினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சூடேறிய பின்பும் டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் இடப் பக்கத்தில் நின்றால், திராட்டிலை விடும்போது அது கூடினால், கேம் செயினைச் சந்தேகியுங்கள். நீளமான திருப்புளியின் நுனியைச் சிலிண்டரின் இடப் பக்கத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் தெளிவாகக் கேட்கும். தலைப் பகுதியிலிருந்து சீராக டிக் டிக் என்று வந்தால் அது பெரும்பாலும் வால்வு இடைவெளி. அதைச் சரிசெய்வது எளிது. சத்தத்தை மறைக்கக் கெட்டியான எண்ணெயை ஊற்றி விற்பவர்களும் உண்டு. அடியில் உள்ள போல்ட்டின் முனைகள் மழுங்கியிருந்தால் யாரோ பலமுறை கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வாங்கியாகிவிட்டதென்றால்? முதலில் எண்ணெயை மாற்றி, வலையைக் கழுவுங்கள். சில வண்டிகளில் இதுவே போதும். பழைய சி70 வகைகளில் பூட்டு நட்டும் போல்ட்டும் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே தளர்வை எடுத்துக்கொள்ளும். பிறகு இறுக்கிவிட வேண்டும். அந்தப் போல்ட்டை முறுக்க முறுக்கச் சங்கிலி இறுகும் என்று எண்ணி, பலம் கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும். டென்ஷனர் தன் எல்லைவரை நீண்ட பின்பும் சத்தம் வந்தால் சங்கிலியே நீண்டுவிட்டது. அப்போது புது டென்ஷனரை மட்டும் போடுவது வீண். சங்கிலி, உருளை, தண்டு மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த உருளையையே திரும்பப் போட்டுப் பணம் மிச்சம் என்பார் மெக்கானிக், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தளர்ந்த சங்கிலி ஒரு பல் தாண்டினால் வண்டி இழுக்காது, திணறும். அதற்கு மேல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையலாம். சிறு சாமான்களோடு முடிந்திருக்கும் செலவு, எஞ்சினின் தலையைக் கழற்றும் செலவாகிவிடும். விடியுமுன் வெட்டுக்குப் போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே சத்தம் திடீரென்று மாறி வண்டி நின்றால், மீண்டும் மீண்டும் உதைக்க வேண்டாம். பொழுது போனாலும் பட்டறைவரை தள்ளிக்கொண்டே போங்கள்.