தளத்தின் திறப்பும் கட்டுவிப்போர் கடமையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் கட்டடத்தைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். காரணம் உண்டு. எம் மாணவனொருவன் பல நாள் பள்ளிக்கு வாராதிருந்தான். விசாரித்தவிடத்து, மந்தைவெளியில் அடுக்குமாடி எழும்புமிடத்தில் அவன் தந்தையார் விழுந்து இடுப்பொடிந்து கிடப்பதாக அறிந்தோம். தளத்துத் திறப்பொன்றின்மேல் பலகை கிடந்ததாம். கீழே திறப்பிருப்பதை அவரறியார். பலகையை இரு கையாலும் தூக்கி ஓரடி முன்வைத்தார். வைத்த அடிக்குத் தளமில்லை.

மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. அப்பழைய வீட்டுக் கிணறுகளை நினைவுகூருங்கள். கைப்பிடிச் சுவரின்றிக் கிணற்றை விட்டவரை அயலார் ஏசாதிரார். இன்றோ, லிப்டுக்கும் குழாய்க்கும் படிக்கட்டுக்கும் விட்ட திறப்புகள் பலவிடத்தும் சுவருமின்றி மூடியுமின்றி வாய்பிளந்து கிடக்கின்றன. ஒரு தளத்து உயரமாகிய 3 மீட்டரை விழுந்து கடக்க ஏறத்தாழ முக்கால் நொடியே செல்லும். பற்றுதற்கு ஒன்றைக் கை தேடுமுன் தரை வந்துவிடும்.

இதனை விதியென்பர் சிலர். ஆம், விதியே, ஆனால் தலையிலெழுதியதன்று, சட்டத்திலெழுதியது. ஆபத்து விளைக்கும் குழியையும் தளத்துத் திறப்பையும் உறுதியாக மூடுக, அன்றேல் வேலியிடுக என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு விதித்தது. கட்டடத் தொழிலாளர்க்கென 1996இல் தனிச்சட்டம் பிறந்தது. அவற்றின் பின்னர், 2020இல் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆதலின் குறை சட்டத்திலன்று, நம் கவனத்திலேயாம்.

நம்மவரிற் பலர் வீடு கட்டுவிப்போர், சிலர் மேஸ்திரிகள். அவர்களை வேண்டிக்கொள்வது இதுவே. மூடி திறப்பினும் பெரிதாயிருக்கட்டும். ஆளையும் சுமையையும் தாங்கட்டும். நழுவாவண்ணம் இறுகப் பொருத்தப்படட்டும். 'கீழே குழி, எடுக்காதே' என்று அதன்மேல் வேலையாட்கள் அறிந்த மொழிகளில் எழுதுக. எழுத்தறியாதார்க்காகச் செந்நிறமும் பூசுக. மூடவியலாத லிப்டுக் குழியைச் சுற்றி உறுதியான கம்பித்தடுப்பு நிறுத்துக. மாலையில் விளக்கிடுக. கட்டடத்தின் முழுச் செலவில் இவை எம்மாத்திரம்?

எம் மாணவன் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். தந்தையாரோ இன்றும் கோலூன்றியே நடக்கின்றார். புதுமனை புகுநாளில் பந்திக்கு எத்தனை இலை என்று மறவாது கேட்கின்றோம். தளம் வார்த்த நாளில், எத்தனை திறப்பு, எத்தனை மூடி என்றும் கேட்போமாக.