அடகு வைக்கும் முன் ஈ.டி.எப்.பைக் கேட்போம்
(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"ஆஸ்பத்திரி இலவசம்தானே, நமக்கு எதற்குக் காப்புறுதி?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் கண்ணில் புரை விழுந்தால், வில்லையை வெளியே வாங்கி வரச் சொல்லும் நாளும் வருகிறது. அன்றைக்கு நம் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

அதற்கு முன் ஈ.டி.எப்.பை நினைப்போம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி வந்த ஊழியர் நம்பிக்கை நிதியம் அது. வேலையை விடும்போது எடுக்கும் பணம் மட்டுமல்ல. கண் வில்லை, இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கும் அதில் உதவி உண்டு.

இதற்கு நம்மிடம் எவ்வளவு பிடிக்கிறார்கள்? ஒரு சதமும் இல்லை. ஈ.பி.எப்.புக்குத்தான் நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். ஈ.டி.எப். 3 வீதம் முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. நாம் 30,000 ரூபா உழைத்தால், நிர்வாகம் 900 ரூபா கட்ட வேண்டும். அதுவும் அடுத்த மாதம் முடிவதற்குள்.

கட்டாமல் விட்டால், உதவி கேட்கும்போது அலையப்போவது நாம்தான். ஆகவே கணக்கை இப்போதே பார்ப்போம். நிலுவை இருந்தால் தோட்டத் தலைவரிடம் சொல்வோம். வைத்தியத்துக்குப் போனால் பில்லையும் டயக்னோசிஸ் கார்டையும் பத்திரப்படுத்துவோம்.

சில தோட்டங்களில் இப்போது நாட்சம்பளத்தை விட்டு, கொழுந்தைக் கிலோ விலைக்குக் கொடுக்கும் முறைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்து வைக்கும் முன் நாம் ஒன்று கேட்போம்: "இனி எங்களுக்கு ஈ.டி.எப். கட்டுவது யார்?"