எல்லாரும் ஒரே பந்தியில்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் அளித்த உரை)



புதிய கட்டடத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பொருளாளர் ஐயா சொல்லுவார். நாங்கள் ஒரு விருந்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மிஷன் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் காணிக்கை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமா வீடு, அத்தை வீடு, பலசரக்குக் கடை என்று ஏறி இறங்கி, ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்காகப் பணம் சேர்த்துத் தருகிறார்கள். அட்டைகளெல்லாம் திரும்பி வந்தபின் அவர்களுக்கு ஒரு விருந்து வைப்பது வழக்கம். உங்களில் பலர் அந்தப் பள்ளிகளில் தாளாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறீர்கள். ஆகவே இதை உங்களிடம் சொல்லுவதே சரி.

ஒரு பள்ளியில், இத்தனை ரூபாய்க்கு மேல் சேர்த்த பிள்ளைகளுக்கு மட்டுமே விருந்து என்று அறிவித்தார்கள். உற்சாகப்படுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்த ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய், தன் மகன் மட்டும் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கக்கூடாதே என்று வட்டிக்கு வாங்கி அவன் அட்டையை நிரப்பிக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குப்பின் கைவலிக்கு மருந்து வாங்க வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தபோது, பேச்சுவாக்கில் நர்ஸம்மாவிடம் அதைச் சொன்னார்கள். குறையாகச் சொல்லவில்லை, மகன் விருந்து சாப்பிட்டான் என்ற சந்தோஷத்தில் சொன்னார்கள். அன்பானவர்களே, அந்தப் பணம் யாருக்கு உதவ வேண்டும் என்று நீங்களும் நாங்களும் ஜெபிக்கிறோமோ, அந்த ஏழையின் மடியிலிருந்தே அது கடனாக எடுக்கப்பட்டு நம்மிடம் வந்திருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து எங்களால் இந்த விருந்தைச் சின்னக் காரியமாக நினைக்க முடியவில்லை.

பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரே தொலைபேசி அழைப்பில் அட்டையை நிரப்பிவிடும். கூலி வேலை செய்கிறவரின் பிள்ளை பத்து வாசல் ஏறினாலும் சில்லறைதான் கிடைக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், யாருடைய மாமாவிடம் பணம் இருக்கிறது என்பதற்குத்தான் நாம் பரிசு கொடுக்கிறோம்! காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து கவனித்த ஆண்டவர், எந்த விதவையைச் சுட்டிக்காட்டினார் என்பது உங்களுக்குத் தெரியும்.

திருநெல்வேலிச் சபைகளில் நமக்கு அசனம் என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. அரிசி மூட்டை கொடுத்தவரும், ஒரு தேங்காய் கொடுத்தவரும், ஒன்றும் கொடுக்க இயலாதவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். இலை போடும்போது யாரும் ரசீதைக் கேட்பதில்லை. பிள்ளைகளின் விருந்தையும் அப்படியே ஆசரிக்கக்கூடாதா? பள்ளியில் பேர்பதிந்த எல்லாருக்கும் இலை. வெறும் அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிள்ளைக்கும், அட்டையைத் தொலைத்த பிள்ளைக்கும் இலை. மேடையில் பேர் வாசிப்பதானால் பள்ளியின் மொத்தத் தொகையை மட்டும் வாசியுங்கள். வகுப்புக்கு வகுப்பு போட்டியும் வேண்டாம். கடைசி வகுப்பு என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.

அடுத்தது செலவு. 400 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 50 ரூபாய் என்றாலே 20,000 ரூபாய். இதைப் பிள்ளைகள் சேர்த்த காணிக்கையிலிருந்து எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் தாழ்மையான வேண்டுகோள். நோயாளிக்கென்று சொல்லி வாங்கிய பணம் நோயாளிக்குப் போக வேண்டும். விருந்துக்குத் தனியாக ஆள் பிடியுங்கள். ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, வாழைத்தோட்டம் உள்ளவர் இலையும் பழமும் என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது.

மருத்துவமனைக்காரர்கள் பேச வந்தால் சாப்பாட்டைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். ஆட்டுக்கறி இல்லாமல் அசனமா என்று கேட்கிறவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். ஆனால் நமது பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களும் அட்டை எடுத்துச் சென்றவர்களே. சைவச் சாப்பாடு என்றால் எல்லாரும் தயக்கமின்றிக் கை வைக்கலாம். தேதி குறிக்கும்போது ரம்ஜான் நோன்பு மாதத்தைத் தவிருங்கள். அதிகாலையில் வடித்த சோற்றை மூடி வைத்து மதியம் பரிமாறாதீர்கள். ஆறிப்போய் நேரமான சோற்றில் உண்டாகும் ஒருவகை நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாந்தியெடுக்க வைக்கும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பந்தியை முடித்துவிடுவது நல்லது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் முன்னதாகவே பெற்றோரிடம் பேசுங்கள். அந்தப் பிள்ளையை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை; என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் வீட்டார் அளவு பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மணிக்கு என்று சொல்லிவிட்டு, விருந்தினர்கள் ஒவ்வொருவராகப் பேசி இரண்டரை மணிக்கு இலை போட்டால், அந்தப் பிள்ளைக்கு வேர்த்து நடுக்கம் வந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கும் நீண்ட பேச்சு அவ்வளவு நல்லதல்ல!

பரிசு இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பிள்ளைகள் அட்டையைத் தொடுவார்களா என்று ஒரு தாளாளர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பழைய சரித்திரத்தைச் சொல்லுகிறோம். லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் என்ற மிஷனெரி 1839இல் தென்கடல் தீவுகளில் ஒன்றில் கொல்லப்பட்டார். அவர் பேரில் ஒரு மிஷனெரிக் கப்பல் கட்ட ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து, 6,000 பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். 1844இல் கப்பல் புறப்பட்டது. 1864இல் அது பாறையில் மோதி அழிந்தது. அந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள், பிள்ளைகள் மறுபடியும் கொடுத்தார்கள். இரண்டாம் கப்பல் 1867இல் அழிந்தது. மூன்றாவதும் வந்தது. தங்கள் காசு எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால் விருந்தன்று அரைமணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். பிள்ளைகளைக் கூட்டமாக வார்டுக்கு அழைத்துவர வேண்டாம். படுத்திருக்கிறவர்கள் காட்சிப்பொருள் அல்ல, கிருமி பரவும் ஆபத்தும் உண்டு. எங்கள் நர்ஸ் ஒருவர் அங்கே வருவார். இரத்த அழுத்தக் கருவியைப் பிள்ளைகள் கையில் கட்டிப் பார்க்கலாம். ஸ்டெதஸ்கோப்பில் ஒருவர் நெஞ்சுத்துடிப்பை மற்றவர் கேட்கலாம். சென்ற வருஷக் காணிக்கை எந்த மருந்துக்கும் எந்தச் சிகிச்சைக்கும் போயிற்று என்பதை, நோயாளியின் பேரைச் சொல்லாமல், உள்ளபடி சொல்லுவார். பணம் போதாமல் நின்றுபோன காரியத்தையும் சொல்லுவார்.

தேதியை இரண்டு வாரத்துக்கு முன் எங்களுக்கு எழுதுங்கள். அரிசியோ பருப்போ இலையோ தர விரும்புகிறவர்கள், கூடுகை முடிந்ததும் வாசலில் நிற்கும் நமது பள்ளி ஆசிரியைகளிடம் பேர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.