உடையும் தொழில் மதிப்பும்



“கழுத்துப்பட்டி அணியாமல் வேலைக்குப் போவதா?” எனப் பெற்றோர் வருந்துகின்றனர். “எங்கள் திறமையைப் பார்க்கட்டும், சட்டையை ஏன் பார்க்க வேண்டும்?” எனக் கணினித்துறையில் பணிபுரியும் பிள்ளைகள் வினவுகின்றனர். இருவருக்கும் ஐ.பி.எம். நிறுவனத்தின் வரலாறு விடை தருகிறது.

1914 முதல் 1956 வரை அதனை நடத்திய தாமஸ் வாட்சன் காலத்தில், கருநிறக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமே அதன் ஊழியர்களின் அடையாளம். அன்றைய வாடிக்கையாளர்களும் அவ்வாறே உடுத்தினர். காலப்போக்கில் வாடிக்கையாளர்கள் மாறினர், வழக்கமோ மாறவில்லை. 1995ஆம் ஆண்டில் தலைவர் லூ கெர்ஸ்ட்னர் அவ்வழக்கத்தை நீக்கி, அன்றன்று யாரைச் சந்திக்கிறோமோ அதற்கேற்ப உடுத்தச் சொன்னார்.

இதன் உட்பொருள் ஒன்றே. உடை என்பது எதிரில் இருப்பவருக்கு நாம் அளிக்கும் மரியாதை. நிரல் எழுதும் நாளில் சாதாரணச் சட்டை போதும். வாடிக்கையாளரைச் சந்திக்கும் நாளில் அவருக்குக் குறையாது உடுத்துங்கள். சுழலும் இயந்திரத்தின் அருகே பணிபுரிபவருக்கோ கழுத்துப்பட்டி ஆபத்து. தூய பணியுடையும் பாதுகாப்புக் காலணியுமே அவருக்கு அழகு.

இளையோரே, நம் பெயரையும் நிறத்தையும் கண்டே முன்முடிவு செய்வோர் உளர். தவறு அவர்களுடையதே. ஆயினும், கசங்கிய சட்டையைக் காரணம் காட்டி அவர்கள் அத்தவறை மறைத்துக்கொள்ள இடமளிக்காதீர்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கழுத்தில் பட்டியைத் தேடாதீர்கள்; உடையில் தூய்மையும் பொருத்தமும் உள்ளனவா என்று மட்டும் பாருங்கள்.