நூல் காத்திருக்கும், உயிர் காத்திருக்காது

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"எந்தத் தலைப்பில பேசப் போறீங்க?" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "வீட்டில் செய்யும் பொழுதுபோக்குகள். குறிப்பா கிராஸ் ஸ்டிச் தையலும், செல்லப் பிராணி வளர்ப்பும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, நீங்க எஞ்சினியர்தானே?" என்றார். (சிரிப்பு)

எஞ்சினியர்தான். ஆனால் இயந்திரங்களைப் பற்றிப் பேச இந்த அரங்கில் என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு படுக்கப் போகும் வரை கிடைக்கிற இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் இப்போது யார் கையில் இருக்கிறது? நம் கையில் இருக்கும் போனின் கையில் இருக்கிறது! ஆகவே இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன்.

என் ஊர் கீழவைப்பார். வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற கடற்கரை ஊர், முத்துக்குளித்துறை ஊர்களில் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். என் போன்றவர்களுக்கு அது பாட்டி சொன்ன கதை மட்டும்தான். ஆனால் இன்னொரு காட்சியை நாங்கள் கண்ணாலேயே பார்த்து வளர்ந்தோம். கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள் நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைச் சரி செய்வார்கள். கண் எண்ணி, வலை ஊசியால் முடிச்சுப் போட்டு, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். அதே நேரத்தில் வீட்டுக்குள் அக்காமார் மேட்டித் துணியை மடியில் போட்டு, கட்டம் எண்ணிப் பூவும் கிளியும் தைப்பார்கள். வெளியே நடப்பது 'தொழில்', உள்ளே நடப்பது 'பொழுதுபோக்கு' என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே கணக்குதான்.

நான் கிராஸ் ஸ்டிச் போடுகிறேன் என்று தெரிந்ததும் ஊர் நண்பன் ஒருவன், "ஏல, பொம்பளையாளு வேலையெல்லாம் பாக்குதியாமே?" என்று கேட்டான். "வலை பின்னுறது யாருல? ஊசியும் நூலும் அங்கேயும் உண்டுல்லா!" என்றேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? சொல்கிறேன். மேட்டித் துணியும், 'ஐடா' என்கிற துணியும் கட்டம் கட்டமாக நெய்யப்பட்டவை. '14 கவுண்ட்' என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி. துணியில் படம் வரைவது கிடையாது. பக்கத்தில் வைத்திருக்கும் கிராப் தாளைப் பார்த்து எண்ணி எண்ணித்தான் போட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் புள்ளிகளால் படம் உருவாகிறதே, அதே தத்துவம்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே நம் பாட்டிமார் இதைச் செய்துவிட்டார்கள்!

நீளம் 100 கட்டம், அகலம் 100 கட்டம் உள்ள ஒரு சிறிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்தால் ஏழு அங்குலச் சதுரத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் 10,000 பெருக்கல் குறிகள். நிமிடத்துக்கு மூன்று போட்டால் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம். உங்கள் வீட்டுச் சுவரில் அம்மா தைத்த படம் ஏதாவது கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதா? இன்று வீட்டுக்குப் போனதும் அதன் கட்டங்களை எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். அந்த ஏழு அங்குலத்துக்குள் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்று தெரியும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள். பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு மெல்லிய நூலை ஓட்டி எல்லை போட்டுக்கொள்ளுங்கள். சர்வேயில் பெஞ்ச் மார்க் தவறினால் என்ன ஆகுமோ, ஒரு கட்டம் எண்ணத் தவறினாலும் அதுதான் ஆகும். ஆங்கர் நூல்கண்டில் ஆறு இழை சேர்ந்திருக்கும். 14 கவுண்ட் துணிக்கு இரண்டு இழை போதும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், சிக்கு விழும். முடிச்சுப் போடாமல், நூலின் நுனியைத் தையலுக்கு அடியிலேயே செருகிவிட வேண்டும். முக்கியமாக, எல்லாக் குறிகளிலும் மேலே வரும் தையல் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் பளபளப்பு ஒரே சீராக வராது. தேர்ந்தவர்கள் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள், திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்!

இந்த ஊசி நூலுக்கு நம் பக்கத்தில் பெரிய வரலாறு உண்டு. 1821-ல் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை 1844-ல் மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையும் கூடவே தேரிக்காட்டுக்கு வந்தது. வெயிலையும் பனையையும் தவிர வேறு வருமானம் தெரியாத ஊர்ப் பெண்களின் கைக்குக் காசு வந்தது. லேஸ் வேறு, கிராஸ் ஸ்டிச் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்தபடி எண்ணி எண்ணிச் செய்கிற பொறுமை ஒன்றுதானே!

இன்னொன்று சொல்கிறேன். தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனி 1888-ல் கோரல் மில்லைத் தொடங்கியது. 1908 பிப்ரவரி 27-ல் அங்கேதான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் நம் வ.உ.சி. அந்த ஹார்வி ஆலைகளின் வழிவந்த மதுரா மில்ஸ், 1974-ல் கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. நம் வீட்டு ஆங்கர் நூல் அந்த வழியில் வந்த பெயர். ஆகவே அம்மாவின் தையல் டப்பாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், அதற்குள் நம் மாவட்டத்து வரலாறே சுருண்டு கிடக்கிறது! நீலகிரித் தோடர் பெண்களும் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, வரையாமல், இழையை எண்ணியே தைக்கிறார்கள். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் உயிர் வளர்ப்பது.

தையலை ஒரு மாதம் தொடாமல் பீரோவில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எடுத்து மறுபடியும் எண்ணத் தொடங்கலாம். ஒரு நாயை ஒரு நாள் மறந்தால்? ஒரு மீன் தொட்டியை ஒரு வாரம் மறந்தால்? இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இரண்டையும் ஒரே உரையில் சேர்த்தேன்.

முதலில் மீன் தொட்டி, ஏனென்றால் அது எஞ்சினியர்களுக்கு ஏற்றது. புதுத் தொட்டி வாங்கி, அன்றைக்கே பத்து மீன் விடுவார்கள். சில வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மிதக்கும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். நடந்தது வேறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொருவகை அதை அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் பில்டரில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பதேதான் இங்கே சிறிய அளவில் நடக்கிறது. ஆகவே முதலில் ஒன்றிரண்டு மீன் மட்டும் விடுங்கள், தீனியைக் குறையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் மாற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயில் பளிச்சென்று கழுவினால் பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்கு எதிரே கடலில் இருப்பது மன்னார் வளைகுடா. 1986-ல் அங்குள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் விலாங்குசல்லி இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டது. காரியசல்லியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. வலையில் சிக்கிய கடல்குதிரையைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதும், பவளத்தைத் தொட்டிக்கு அழகாக வைப்பதும் விளையாட்டு இல்லை. இரண்டும் 2001 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது தம்பிகளா, நாம்தான் கடலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்து பறவைகள். பச்சைக்கிளி வளர்ப்பதைப் பலர் இன்னும் குற்றம் என்றே நினைப்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது குற்றம்தான். மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்கள் பலவற்றையும், அவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜரிகர்கள். அவற்றை வளர்க்கத் தடை இல்லை. ஆனால் அவை கூட்டமாக வாழ்பவை, ஒற்றையாக அடைக்காதீர்கள்.

கடைசியாக நாய். 2005 ஜனவரியில் இந்திய நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். அதில் ஒன்று நம் ராஜபாளையம். கொஞ்ச தூரம் தள்ளினால் சிப்பிப்பாறை. குட்டை முடி, நீளக் கால், நம் வெயிலுக்கென்றே உருவான உடம்பு. என் வீட்டில் இருப்பதும் ஒரு சிப்பிப்பாறைதான். காலையும் மாலையும் அதற்கு ஓட இடம் வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டுச் செருப்பெல்லாம் போகும்! பனி நாட்டில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, இரட்டை முடிப் போர்வையோடு தூத்துக்குடி மே மாதத்தில் மொட்டை மாடியில் கட்டிப்போடுவது அன்பா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் மறு ஊசி. இதில் சமரசமே கூடாது. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் பிறகு ஏறக்குறைய வைத்தியமே இல்லை.

இப்போது, இந்த அரங்கில் இருக்கும் முன்னாள் மாணவர்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பாதிப்பேர் வெளியூர், வெளிநாடு. எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மகன் விடுமுறையில் வந்தபோது பிள்ளைகள் கேட்டார்கள் என்று லாப்ரடார் குட்டி வாங்கினார். லீவு முடிந்தது. பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். குட்டி 30 கிலோ ஆனது. சங்கிலியின் மறுமுனையில் எழுபது வயது அம்மா! ஒரு நாள் அது பூனையைப் பார்த்துப் பாய, அம்மா வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. அம்மா மேலும் இல்லை. அவர் நாய் வேண்டும் என்று கேட்கவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் மாலை வேளையில் அவர் தைத்துக்கொண்டிருப்பார். அந்தத் துணி பாதியிலேயே நின்றுபோனது.

நம் ஆசைக்காக வாங்கும் உயிர், இன்னொருவரின் வேலையாகப் போய் முடியக்கூடாது. ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் வாழும். வாங்குவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். தினமும் இதைக் கவனிக்கப் போவது யார்? அவர் சம்மதித்தாரா? நம் வெயிலும் வீடும் இதற்குப் பொருந்துமா? வேலை மாற்றலாகி ஊர் மாறினால் இது எங்கே போகும்? நான்குக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதைப் போன்ற சந்தோஷம் வேறில்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பதில் இல்லையா? கவலைப்படாதீர்கள். ஒரு முழம் மேட்டித் துணி, ஓர் ஊசி, நான்கு நூல்கண்டு வாங்குங்கள். அது உங்களுக்காக எத்தனை மாதமானாலும் காத்திருக்கும்.

தம்பி தங்கைகளே, பொழுதுபோக்கு என்றால் பொழுதைத் தொலைப்பது என்று நினைக்காதீர்கள். ஒன்றைத் தொடங்கினால் கடைசிக் கட்டம் வரை எண்ணி முடிப்பது, ஓர் உயிரை ஏற்றால் அதன் கடைசி நாள் வரை உடனிருப்பது. இந்த இரண்டும் வீட்டில் பழகிவிட்டால், வேலை செய்யும் இடத்தில் யாரும் உங்களுக்குப் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ஒன்றுகூடலில் ஒரே ஒரு மேசை ஒதுக்குங்கள். நம் அம்மாக்கள், அக்காக்கள், மனைவிமார் தைத்தவற்றை அவரவர் பெயர் எழுதி வைப்போம். அண்ணன்மார், தம்பிமார் தைத்தது இருந்தால் அதையும் வெட்கப்படாமல் கொண்டு வாருங்கள். முதலில் என்னுடையதை நான் வைக்கிறேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மட்டும் யாரும் வந்துவிடாதீர்கள்! (சிரிப்பு)