எலி பிடிக்கப் போன இடத்தில்

இன்று பட்டம் பெறும் இளம் வேளாண் பட்டதாரிகளே, அறிமுகத்தில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தாராளமாகக் கழித்துவிடலாம். மிஞ்சுவது ஒன்றுதான்: வாழ்நாள் முழுக்க எலிகளைப் பற்றிப் படித்தவன் நான். விடுதியில் எனக்கு வைத்த பெயரே 'எலி'.

2007இல் மிசோரம் போனேன். அங்கே முளி என்றொரு மூங்கில் உண்டு. ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை மலையாகப் பூத்துக் காய்த்துச் சாகும். காய் சின்னப் பேரிக்காய் அளவு இருக்கும். எலிகளுக்கு அது பெருவிருந்து. தின்று தின்று பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனை எலியும் நெல் வயலில் இறங்கும். அதன் பிறகு பஞ்சம்தான். மிசோ மக்கள் அதை மௌதாம் என்கிறார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு ஆயுளில் ஒருமுறை வாய்ப்பது.

கிளம்பும்போது புத்திமதிகளுக்குக் குறைவில்லை. இருட்டினால் வெளியே போகாதே, துப்பாக்கி வைத்திருப்பார்கள், தட்டில் வைப்பது என்ன கறி என்று கேட்காமல் வாயில் வைக்காதே. "அவங்க எலியைக்கூடத் தின்பாங்களாமே!" என்றார் ஓர் உறவினர். அவருக்கு மன்னார்குடிப் பக்கம். அறுவடை முடிந்ததும் வயல் எலி வறுவல் மணக்கும் தெரு அவர் ஊரிலேயே இருக்கிறது. அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்தது லுங்லேய் நகருக்குத் தெற்கே ஒரு மலைக் கிராமம். காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும் ஜூம் சாகுபடி. என் வேலை எளிது: வயலில் எலி வளைகளை எண்ண வேண்டும், வீட்டுக் களஞ்சியத்தில் எவ்வளவு நெல் மிச்சம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வளைகளைக் காட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள், பால் இல்லாமல். களஞ்சியம் என்றதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த அட்டையையும் தாளையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மொழிபெயர்க்க வந்த வேளாண் அலுவலர் சின்னப் பையன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஸார், 1967இலும் வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் எழுதிக்கொண்டார்களாம்."

அந்தக் கதை 1958இல் தொடங்குகிறது. மூங்கில் பூக்கப்போகிறது, பஞ்சம் வரும் என்று மிசோ மக்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்போது மிசோரம் அசாமின் ஒரு மாவட்டம். மூங்கில் பூப்பதற்கும் பஞ்சத்துக்கும் என்ன சம்பந்தம், மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று அசாம் அரசு ஒதுக்கித் தள்ளியது. பஞ்சம் வந்தது. நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு 1961இல் மிசோ தேசிய முன்னணி ஆனது, 1966இல் கிளர்ச்சி, அந்த மார்ச்சில் ஐஸ்வால் நகரத்தின் மீது இந்திய விமானப்படையே தாக்குதல் நடத்தியது. மறு ஆண்டிலிருந்து ராணுவம் கிராமங்களைக் காலி செய்து சாலையோரக் குடியிருப்புகளில் அடைத்தது. விட்டுவந்த வீடுகளும் நெல்லும் எரிந்தன. 1986 ஜூன் 30இல்தான் அமைதி ஒப்பந்தம். நாம் அவர்களுக்குப் பயந்ததற்குச் செவிவழிக் கதைகள்தான் ஆதாரம். அவர்கள் நமக்குப் பயந்ததற்கு எரிந்த களஞ்சியம் ஆதாரம்.

நான் தாளை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த தஞ்சாவூர்க் கிட்டிகளை எடுத்து முற்றத்தில் வைத்தேன். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு எலியின் கழுத்தை நெரிக்கும்படி செய்வது. டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன பெரியவர் திரும்பி வந்தார். ஒன்றைக் கையில் எடுத்தார், நாணைச் சுண்டிப் பார்த்தார், முடிச்சு சரியில்லை என்று பிரித்து அவரே வேறு மாதிரி கட்டினார். பிறகு தன் பொறியைக் காட்ட வயலுக்கு அழைத்துப்போனார். ஜூம் நிலத்தைச் சுற்றி மூங்கில் தட்டி. இடையிடையே ஒரு சந்து. சந்துக்கு மேலே கனத்த மரக்கட்டை, கீழே ஒரு குச்சி. எலி குச்சியைத் தொட்டால் கட்டை விழும். ராத்திரி அவர் பொறியும் என் கிட்டியும் பக்கத்தில் பக்கத்தில் காத்திருந்தன. விடிந்து எண்ணியதில் தஞ்சாவூருக்குப் பலத்த தோல்வி. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று மத்தியானம் களஞ்சியத்தின் கதவை அவரே திறந்துவிட்டு, எழுதிக்கொள் என்று கையால் காட்டினார்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே எழுதினார்: வெவ்வேறு கூட்டத்தார் சமமாக நின்று ஒரே காரியத்துக்குப் பாடுபட்டால் காழ்ப்பு குறையும் என்று. 2006இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு உளவியலாளர்கள் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பழக்கம் கூடக்கூட வெறுப்பு குறைவதைத்தான் மிகப் பெரும்பாலானவை காட்டின. அதிலும் ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்த இடங்களில் கூடுதலாகவே குறைந்தது. அதனால்தான் சுற்றுலாப் பேருந்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. ஜன்னல் வழியே பார்ப்பவர் தன் பயத்தையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். ஒரு வேலையோடு போங்கள். தெரியாத ஊரில் நீங்கள் யாரையாவது நம்பியே ஆகவேண்டிய நிலை வரட்டும்.

மிசோரம் நெடுஞ்சாலையில் ஆளில்லாக் கடைகள் உண்டு. மூங்கில் பந்தல், கீரை, பழம், மூங்கில் குருத்து, அட்டையில் விலை, பக்கத்தில் காசு டப்பா. கடைக்காரர் வயலில் இருப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டு, மீதிச் சில்லறையை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியது. "துப்பாக்கி வைத்திருப்பார்கள்" என்றவர்களிடம் இதைச் சொன்னால் நம்பவில்லை. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் எழுத்தறிவு 91 சதவீதம், நம்முடையது 80 என்றேன்; அதையும் நம்பவில்லை. எண்களுக்கு அவ்வளவுதான் பலம். அவர்களில் ஒருவரின் மகளை மட்டும் அடுத்த பருவத்தில் என்னோடு களப்பணிக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சி அழைத்துப்போனேன். இப்போது அந்த வீட்டில் மிசோரம் பற்றி யாரும் தப்பாகப் பேச முடியாது. அந்தப் பெண் விடமாட்டாள்.

அடுத்த பூப்பு 2055 வாக்கில். உங்களுக்கு அப்போது ஐம்பது சொச்சம் வயதிருக்கும், பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. அதுவரை காத்திருக்க வேண்டாம், இடையிலும் அங்கே எலி உண்டு. அங்கே போகத் தேவையான உள்நுழைவு அனுமதிச் சீட்டைக் கொல்கத்தாவில் உள்ள மிசோரம் இல்லத்தில் தருகிறார்கள். லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம். கிட்டியைக் கொண்டுபோகிறவர்கள் முடிச்சை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.